பூட்டிய வீட்டுக்கு ஃபைபர் எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

நங்கநல்லூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு 2020இல் தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரம் பக்கத்தில் என் கணவரின் ஊருக்கு வந்துவிட்டேன், இங்கிருந்தே சென்னைக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன் என்று போன இதழில் எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் 41 வீடுகளை எண்ணி, வாடகைக்கு விடச் சம்மதிக்கிறவர்களின் வீடுகளைக் கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு, நகரத்திலிருந்து வர நினைப்பவர்களுக்கு அனுப்புகிறேன் என்று கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதமெல்லாம் அந்த இரண்டு வரிக்குத்தான். பாதிப் பேர் “பேர் போடாதீங்க அக்கா” என்று கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போடுகிறேன்.

கேள்வி: நானும் கணவரும் ஐடி வேலை. மாதத்தில் நாலு நாள் ஆபீஸில் தலைகாட்டினால் போதும். தென்காசிப் பக்கம் வந்துவிடலாம் என்று ஆசை. ஒரே கவலை, நெட் ஒழுங்காக வருமா? – குரோம்பேட்டை

பதில்: வரும். ஊராட்சிகளுக்கெல்லாம் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டம் 2011இல் வேறு பெயரில் தொடங்கி, 2015இல் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள் என்று கணக்குப் போட்டு மாநில அரசு நிறுவனம் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அந்தக் கம்பி வந்து நிற்பது ஊராட்சி அலுவலகத்தில். அங்கிருந்து உங்கள் மேசை வரைக்கும் இருக்கிற அரைக் கிலோமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் தெருவுக்கு நெட் தருவது, முன்பு கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த தம்பி ஒருத்தர். அவருடைய கம்பி மின்கம்பத்திலிருந்து புளியமரத்துக்கும், புளியமரத்திலிருந்து எங்கள் மாடிக்கும் வருகிறது. ஒரு மாதம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள், குடிநீர்க் குழாய்க்குத் தோண்ட வந்த ஜேசிபி அதை அறுத்துவிட்டது. என் கையில் நாலு கடைக் கணக்கு பாக்கி. தம்பி ராத்திரி 9 மணிக்கு வந்தார். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கம்பியின் தோலை உரித்தார். உள்ளே தலைமுடி மாதிரி ஓர் இழை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, நுனியை நறுக்கி, டிபன் பாக்ஸ் அளவு மிஷினுக்குள் இரண்டு முனையையும் வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டு குச்சிகள் எதிரெதிரே வந்து நின்றன; ஒரு பொறி; இரண்டும் ஒன்றாகிவிட்டது. திரையில் 0.02 என்று எழுத்து வந்தது, ஒட்டிய இடத்தில் வீணாகும் ஒளி அவ்வளவுதான் என்று அர்த்தம். “இப்போ போய்ப் பாருங்க மதினி” என்றார். 10.40க்குத் தாக்கல் செய்துவிட்டேன்.

ஆகவே வீடு பார்க்க வருமுன் அந்த ஊர் கேபிள்காரர் யார், ராத்திரி போன் எடுப்பாரா என்று விசாரியுங்கள். வீட்டுக்குள் நின்று செல்போன் சிக்னல் பாருங்கள். மொட்டை மாடியில் பார்த்து ஏமாறாதீர்கள், பழைய வீட்டுச் சுவர் கனம் அப்படி. இரண்டு வேறு கம்பெனி சிம் இருக்கட்டும். இன்வெர்ட்டர் கட்டாயம். சிக்கிமில் யாக்தென் என்ற மலைக் கிராமத்தை, இணையத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கும் ஊராக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். அங்கேயும் தங்கும் வீடுகளுக்கு முதலில் போட்டுக் கொடுத்தது இந்த இரண்டையும்தான், நெட்டும் இன்வெர்ட்டரும். ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால் மோடத்தைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். நான் இரண்டு மோடத்தைக் கருக்கிய பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

மாதம் நாலு நாளுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. டிக்கெட்தான் முன்பதிவு திறந்த அன்றே எடுக்க வேண்டும்.

கேள்வி: அப்பா காலமான 2009இலிருந்து ஊர் வீடு பூட்டியே கிடக்கிறது. வாடகைக்கு விட்டால் மாதம் மூவாயிரமோ நாலாயிரமோ வரும். அந்தக் காசுக்கு யாரையோ உள்ளே விட்டுவிட்டு, பின்னால் கோர்ட்டுக்கு அலையவா? – தாராவி, மும்பை

பதில்: அண்ணாச்சி, இதே கேள்வியை ஜப்பானில் லட்சக்கணக்கான பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே 2023இல் எடுத்த வீட்டுக் கணக்கில் சுமார் 90 லட்சம் வீடு காலி. ஏழு வீட்டுக்கு ஒன்று. அவற்றை ‘ஆகியா’ என்கிறார்கள். ஊராட்சிகளும் நகராட்சிகளும் தத்தம் இணையதளத்தில் ‘ஆகியா வங்கி’ என்று பக்கம் திறந்து, படம், வாடகை, கிணறு உண்டா, கூரை ஒழுகுமா என்று போடுகிறார்கள். நான் இங்கே செய்வது அதன் ஏழைத் தங்கச்சி.

அங்கேயும் பட்டியலைவிடப் பட்டியலுக்கு வராத வீடுதான் அதிகம். காரணத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எல்லாம் நம்ம ஊர்க் கதை. வீட்டுக்குள் முன்னோருக்கான பூசை மாடம் இருக்கிறது, அதை யாரிடம் விடுவது? ஆகஸ்டில் முன்னோர் திரும்பி வருவதாக நம்பும் ஓபோன் பண்டிகைக்குக் குடும்பத்தோடு வருவோம், அப்போது எங்கே தங்குவது? சாமான் நிறையக் கிடக்கிறது, யார் ஒதுக்குவது? எல்லாவற்றுக்கும் மேல், பத்திரம் இன்னும் தாத்தா பேரில். இந்தக் கடைசிச் சிக்கலுக்காக அங்கே சட்டமே போட்டுவிட்டார்கள். 2024 ஏப்ரல் 1 முதல், சொத்து தனக்கு வந்தது தெரிந்த மூன்று வருடத்துக்குள் பெயர் மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். தகுந்த காரணமில்லாமல் விட்டால் 1 லட்சம் யென் வரை அபராதம்.

நமக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் பட்டாவையும் வில்லங்கத்தையும் தாராவியில் உட்கார்ந்தே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். பாருங்கள். எங்கள் பட்டியல் வேலையில் நான் முதலில் செய்வது அதைத்தான். பாதி வீட்டுக்கு வந்த பெயரைச் சொன்னால் தெருவில் உள்ள கிழவிகளுக்கு மட்டும்தான் ஆள் யாரென்று தெரிகிறது.

ஒரு வீட்டைத் திறந்த கதை சொல்கிறேன். வீட்டுக்காரர் உங்களைப் போல மும்பையில் கடை வைத்திருப்பவர். பன்னிரண்டு வருடம் பூட்டிய வீடு. சாவி எங்கள் பெரியத்தை வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருந்தது. பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, அவரை வீடியோ காலில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கதவைத் தள்ளினோம். பட்டாசலில், அதாவது கூடத்தில், செந்நிறச் சிமெண்டுத் தரை, மேலே ஒரு விரல்கடை மண். சுவரில் பழைய தினசரிக் காலண்டர், ஏதோ ஒரு புதன்கிழமையில் நின்றுவிட்டிருந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. போனில் எங்கேயோ பின்னால் இருந்து அவருடைய தங்கச்சி குரல் மட்டும் வந்தது: “அடுப்பங்கரையைக் காட்டுங்க மதினி. உரல் இருக்கா?” உரல் இருந்தது. அதற்குள் பல்லி முட்டை இருந்தது. அந்த அம்மா அழுதுவிட்டார்கள்.

அதுவரைக்கும் அந்த வீட்டுக்காரர் மூன்று தடவை முடியாது என்று சொன்னவர். அன்றைக்கு ராத்திரி அவரே கூப்பிட்டு, “யாராவது இருந்தால் சரி, விளக்காவது எரியும்” என்றார். என் பட்டியல், பார்முலா, கலர் கலராகக் கட்டம் எதுவும் செய்யாததை ஒரு வீடியோ கால் செய்தது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானது. நாங்கள் 11 மாத ஒப்பந்தம்தான் போடுகிறோம். சாமி அறைக்குத் தனிப் பூட்டு, சாவி உங்கள் உறவுக்காரரிடம். ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: கோயில் கொடைத் திருவிழா நடக்கும் மூன்று நாளும் பட்டாசலும் மச்சும் வீட்டுக்காரருக்கு. சென்னையிலிருந்து வருகிறவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டு முதலில் முழிப்பார்கள். முதல் கொடை முடிந்த பிறகு யாரும் முழிப்பதில்லை. வீட்டுக்காரர் குடும்பம் பதினாலு பேர் வந்து இறங்கி, குடியிருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பலகாரம் செய்து போட்டுவிட்டுப் போகும்.

இன்னொன்று. ஆள் இல்லாத வீட்டைக் கறையான் தின்கிற வேகம் உங்களுக்குத் தெரியாது. 2009 என்கிறீர்கள். கூரை தட்டோடா, கான்கிரீட்டா? தட்டோடு என்றால் இந்த மழைக்கு முன்பு யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து ட்ரோன் வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டோம். ஐந்து லட்சம் பேர் பார்த்தார்கள். சனி ஞாயிறு கார் வரிசையாக வந்தது. கண்மாய்க் கரை முழுக்க பிளாஸ்டிக். குடியேற ஒருத்தரும் வரவில்லை. எங்கே தவறு? – புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: ஐந்து லட்சம் பேர் பார்த்தது கண்மாயை. குடியேறுகிறவன் தேடுவது கக்கூஸ் எந்தப் பக்கம் என்பதை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜப்பானில் ஷிக்கோக்கு தீவில், தொக்குஷிமா மாகாணத்தில் காமியாமா என்று மலைக்குள் ஓர் ஊர். சுதாச்சி என்ற எலுமிச்சை விளையும் இடம். 1950களில் 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள், இப்போது சுமார் 5,000. அந்த மாகாணத்தில் ஒரு வேடிக்கை. டிவி ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறினால் பக்கத்து ஒசாகா பக்கத்துச் சானல்கள் தெரியாமல் போய்விடும் என்று பயந்து, மலை மூலைக்கெல்லாம் ஃபைபர் கம்பி இழுத்துவிட்டார்கள். டிவி பார்க்கப் போட்ட கம்பி. பார்க்கிற ஆள் குறைவு, அதனால் நெட் டோக்கியோவைவிடப் பறந்தது.

அந்த ஊரில் ‘கிரீன் வேலி’ என்று ஒரு தொண்டு அமைப்பு. அவர்கள் 1999இலிருந்தே வருடா வருடம் ஓவியர்களையும் சிற்பிகளையும் கூப்பிட்டுத் தங்கவைத்துக்கொண்டிருந்த ஆட்கள். 2008இல் அதற்காக ஓர் இணையதளம் தொடங்கினார்கள். கலைப் பக்கங்களைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். கூட்டம் போனதோ ஒரு மூலையில் போட்டிருந்த ‘காலி வீடுகள்’ பக்கத்துக்கு. இந்த இடத்தைப் படித்துவிட்டுத்தான் நான் என் பட்டியலைத் தொடங்கினேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் விஷயம். முதலில் வந்தவருக்கு வீடு என்று கொடுக்கவில்லை. ஊருக்கு என்ன தொழில் தேவை என்று முதலில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். இந்த வீடு ரொட்டி சுடுகிறவருக்கு, இந்த வீடு இணையதளம் வடிவமைப்பவருக்கு என்று வீட்டுக்கு மேலே தொழிலை எழுதிவிட்டார்கள். 2010இல் டோக்கியோவின் சான்சான் என்ற கம்பெனி, விசிட்டிங் கார்டுகளை மென்பொருளில் சேமித்துத் தரும் கம்பெனி, அங்கே ஒரு பழைய வீட்டில் கிளை போட்டது. அடுத்த வருடம் ஓடைத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு மடியில் லேப்டாப்போடு ஓர் இளைஞர் வேலை செய்யும் காட்சி டிவியில் வந்தது. அப்புறம் கம்பெனிகள் வரிசை கட்டின. 2011இல் ஊரை விட்டுப் போனவர்களைவிட வந்து சேர்ந்தவர்கள் அதிகம் என்று கணக்கு வந்தது. எத்தனை பேர் அதிகம் தெரியுமா? 12 பேர். அந்தப் பன்னிரண்டை ஊரே கொண்டாடியது. உங்கள் ஐந்து லட்சத்தை வைத்துக்கொண்டு நீங்கள் அழுகிறீர்கள்.

ஆகவே அந்தக் கண்மாய் வீடியோவைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிடுங்கள். காலியாக இருக்கும் ஒரே ஒரு வீட்டை எடுங்கள். கிணற்றில் சித்திரையில் தண்ணீர் நிற்குமா, பஸ் எத்தனை மணிக்கு, பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், ஊருக்கு எந்த ஆள் வேண்டும் என்று எழுதுங்கள். எங்கள் ஊருக்கு ஒரு தையல்காரரும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளும் வேண்டுமென்று எழுதினோம். கணக்கு வாத்தியார் கிடைத்துவிட்டார், சோழிங்கநல்லூரில் மென்பொருள் சோதனை செய்துகொண்டிருந்தவர். தையல்காரர் இன்னும் இல்லை. ஜாக்கெட்டுக்கு நான் பாவூர்சத்திரம் போகிறேன்.

கேள்வி: என் தாத்தா ஊரை விட்டுச் சென்னைக்கு வந்ததே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்றுதான். நீங்கள் எல்லோரையும் கிராமத்துக்குத் திரும்பச் சொல்கிறீர்கள். லேப்டாப் இருந்தால் அந்தத் தெரு மாறிவிடுமா? – அம்பத்தூர்

பதில்: மாறாது. உங்கள் தாத்தா செய்தது சரி. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அம்பேத்கர் சொன்ன பதிலை நான் பள்ளியில் படிக்கவில்லை. இந்த ஊருக்கு வந்த பிறகுதான் படித்தேன். குறுகிய மனமும் அறியாமையும் குடியிருக்கும் இடம் அது என்று அவர் சொன்னது எனக்கு அப்போது கசந்தது. பட்டியல் வேலை ஆரம்பித்த பிறகு கசக்கவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 41 வீட்டில் 23 வீட்டுக்காரர்களின் போன் நம்பர் கிடைத்தது. 15 பேர் சரி என்றார்கள். அந்தப் பதினைந்தில் நாலு பேர், வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே “வர்றது என்ன ஆளுக?” என்று கேட்டார்கள். என் பட்டியலில் குடிவருகிறவரின் தொழில், எத்தனை பேர், எத்தனை மாதம் என்ற மூன்று கட்டம்தான் உண்டு. நாலாவது கட்டம் போட மாட்டேன் என்றேன். நாலு வீட்டையும் எடுத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஒருவர் மட்டும், பூட்டிய வீட்டில் திருடன் ஓடு பிரித்து இறங்கிய பிறகு, “யாரா இருந்தாலும் சரிம்மா” என்று கூப்பிட்டார். மனம் மாறினாரா, திருடனுக்குப் பயந்தாரா? நான் கேட்கவில்லை.

எனக்கு வீடு சிரமமில்லாமல் கிடைத்தது, ஏனென்றால் இது என் கணவரின் சொந்த ஊர், நாங்கள் யார் என்று தெருவுக்குத் தெரியும். அந்த வசதி உங்களுக்கும் இருப்பதாக நினைத்துப் போன இதழில் நான் எழுதியது பிழை. தனியாக வர விரும்பும் பெண்கள் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே நிலைமைதான். வேறு காரணம், அதே மூடிய கதவு. வாருங்கள் என்று உங்களுக்கு எழுத எனக்கு வாய் வரவில்லை. பார்க்க வாருங்கள், எங்கள் வீட்டில் தங்குங்கள், தெருவைப் பாருங்கள், பிறகு நீங்கள் சொல்லுங்கள்.

கேள்வி: ஜோஹோ மாதிரி ஒரு கம்பெனி வந்தால் எல்லாம் தானாக நடந்துவிடாதா? – திருவண்ணாமலை

பதில்: எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, மத்தளம்பாறையில். 2011இல் தொடங்கினார்கள். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பிற்பாடு தானே இந்தப் பக்கம் குடிவந்துவிட்டார். ஜோஹோ டெஸ்க் என்ற அவர்களுடைய மென்பொருள் இங்கே உருவானது. உலகம் முழுக்க வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கப் பயன்படுத்துகிறார்கள். சென்னைக்குப் போக வேண்டிய உள்ளூர்ப் பிள்ளைகளை ஊரிலேயே வேலைக்கு வைத்ததைத்தான் நான் அதன் பெரிய காரியமாகப் பார்க்கிறேன். நகரத்துக்காரரை வரவழைப்பது வேறு வேலை, போகிறவரை நிறுத்துவது வேறு வேலை. இரண்டாவதுதான் கடினம் என்பது என் கட்சி.

ஆனால் ஒரு தொழிலதிபர் மனசு வைத்தால்தான் ஊர் பிழைக்கும் என்று காத்திருந்தால், 12,525 ஊராட்சிக்கு 12,525 தொழிலதிபருக்கு எங்கே போவது? 2020 நவம்பரில் மத்திய அரசு ஒரு விதியைத் தளர்த்தியது. அதற்கு முன்பு கால் சென்டர், பிபிஓ மாதிரிக் கம்பெனிகள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யவிட வேண்டுமானால் வங்கி உத்தரவாதம் அது இது என்று ஆயிரம் காகிதம். அது போய்விட்டது. ஊழியர் எந்த ஊரில் உட்கார்ந்தாலும் சரி. சத்தமில்லாமல் வந்த இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் ட்ரோன் வீடியோ எடுக்கவில்லை.

கேள்வி: குடியேறுகிறவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தால் என்ன? – சேலம்

பதில்: கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் ஸாந்தா ஃபியோரா என்ற மலையூர், இணையத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வாடகையில் பாதி, 200 யூரோ வரை தருகிறோம் என்று 2021இல் அறிவித்தது. ஜப்பானில் டோக்கியோவை விட்டு வெளியூர் போய்க் குடியேறும் குடும்பத்துக்கு 10 லட்சம் யென் வரை, 2023 முதல் பிள்ளைக்குத் தலைக்கு இன்னொரு 10 லட்சம் வரை. மூன்று வருடத்துக்குள் கிளம்பினால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

பணத்துக்காக வருகிறவர் மூன்று வருடமும் ஒரு நாளும் இருப்பார். என் அபிப்பிராயம், அந்தப் பணத்தை ஊருக்கு ஒரு நர்ஸுக்குக் கொடுங்கள்.

கேள்வி: கிராமத்தில் அமைதி எப்படி? மீட்டிங்குக்கு நடுவே தொந்தரவு இருக்காதே? – பெங்களூரு

பதில்: சித்திரை, வைகாசி கொடை சீசனில் காலை 5 மணிக்கு ஸ்பீக்கர். ஆனி, ஆடியில் சாரல் காற்று, ஜன்னல் கதவு தாளம் போடும். பக்கத்து வீட்டுச் சேவலுக்கு நேரம் காலம் கிடையாது. போன வாரம் என் வாடிக்கையாளர் ஒருவர், “மேடம், உங்க ஆபீஸ்ல கோழி இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அமைதி வேண்டுமென்றால் பெங்களூரில் பத்தாவது மாடி நல்லது.

கேள்வி: நான் துபாயில். என்னால் ஊருக்கு வந்து குடியிருக்க முடியாது, இன்னும் பத்து வருடத்துக்கு. வராமலே ஊர்க்காரனாக இருக்க ஏதாவது வழி? – துபாய்

பதில்: உங்கள் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

மறுபடியும் ஜப்பான். நிகாட்டா மாகாணத்தில் யமகோஷி. கலர் கலரான கோய் மீன் வளர்ப்பு தொடங்கிய இடம், மாட்டுச் சண்டைக்கும் பெயர் போனது. நம்ம ஜல்லிக்கட்டு மாதிரி அல்ல, மாடும் மாடும் முட்டுவது. 2004 அக்டோபரில் நிலநடுக்கம். ஊரில் இருந்த சுமார் 2,200 பேரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவர்கள் குறைந்துகொண்டே போய், 2021இல் சுமார் 800 பேர். அந்த டிசம்பரில் ஊர்க்காரர்கள் கோய் மீன் ஓவியங்களை என்எஃப்டி ஆக்கி இணையத்தில் விற்றார்கள். நகலெடுத்தாலும் அசல் யாருடையது என்று பதிவு இருக்கும், அப்படி ஒரு டிஜிட்டல் சொத்து. படத்தை வாங்கியவருக்கு ‘டிஜிட்டல் ஊர்க்காரர்’ என்று பெயர். கொஞ்ச காலத்தில் மண்ணில் இருக்கும் ஊர்க்காரர்களைவிட இவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டது. வந்த பணத்தில் என்ன செய்யலாம் என்பதில் இவர்களுக்கும் ஓட்டு. அதில் சிலர் நிஜமாகவே ஊரைப் பார்க்க வந்தார்கள். அப்படி வருவதைச் சுற்றுலா என்று சொல்வதில்லை, ‘ஊருக்குத் திரும்புவது’ என்கிறார்கள். பிறந்தே இராத ஊருக்கு. குடியும் இல்லை, விருந்தாளியும் இல்லை என்று நடுவில் நிற்கும் இந்த ஆட்களுக்கு ஜப்பான்காரர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், ‘உறவு மக்கள்தொகை’ என்று.

என்எஃப்டி சந்தை இடையில் படுத்துவிட்டது, அதை நம்பிப் பணம் போடச் சொல்லவில்லை. ஆனால் ஓட்டு என்ற ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்மிடம் இதற்கு முன்பே ஒன்று இருக்கிறது: கோயில் வரி. எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு வரிக்காரர்கள் மும்பை, சூரத், துபாய் எங்கே இருந்தாலும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று அனுப்பிவிடுவார்கள். முன்பு மணியார்டர், இப்போது போனில் இரண்டு தட்டு. வாட்ஸப்பில் குரூப் உண்டு, நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை நேரலையாக வரும். எல்லாம் சரி, அந்தக் குரூப்பில் காலை வணக்கமும் கண்ணீர் அஞ்சலியும் தவிர வேறு பேச்சு கிடையாது. போன வருடம் முதல் தடவையாக ஒரு கேள்வி போட்டோம்: மிச்சமிருக்கிற வரிப் பணத்தில் தெப்பக்குளத்துப் படிக்கட்டைச் சரி செய்யவா, கோயில் வாசலில் வளைவு கட்டவா? உள்ளூர்க்காரர்கள் வளைவு என்றார்கள். வெளியூர்க்காரர்கள் படிக்கட்டு என்றார்கள், அவர்களுக்கு அதில் குதித்த ஞாபகம். மூன்று நாள் சண்டை. இரண்டு பேர் குரூப்பை விட்டு வெளியேறி, மறுபடி சேர்ந்தார்கள். படிக்கட்டு ஜெயித்தது. வேலை நடக்கிறது.

உங்கள் ஊர் குரூப்பிலும் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள் தம்பி. சண்டை வந்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கடைசியில் எத்தனை வீடுதான் திறந்தது? – மேலகரம்

பதில்: பட்டியலில் 12 வீடு. திறந்தது 5. அதில் ஒரு குடும்பம் மகளின் பத்தாம் வகுப்புக்காகச் சென்னைக்கே திரும்பிவிட்டது, அந்த வீடு மறுபடி பூட்டு. ஆக 4.

போன வாரம் சூரத்திலிருந்து கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றி ஏழு சாவி. கூடவே சீட்டு: “எது எந்தக் கதவுக்குன்னு மறந்துபோச்சு. பார்த்துக்கோங்க.” நாளைக்குக் காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு போகிறேன்.